திடீர் உடல் வெப்பம்: யாருக்கு அதிகம் வரும் என்று கணிப்பதில் நேரும் தவறுகள்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் முகத்திலும் மார்பிலும் குப்பென்று ஏறும் வெப்பத்தைப் பற்றிப் பெண்களிடம் விசாரிக்கும் பயிற்சி மருத்துவர்களின் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளையே வேறொரு கையெழுத்தில் காண்கிறேன். மெல்லிய ஆடை, மின்விசிறி போன்ற அறிவுரைகளை எவரும் சொல்லிவிடுவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தூண்டுதலைக் காரணம் என்று எண்ணுதல்

மதுவும் புழுக்கமான அறையும் தூண்டிவிடுபவை மட்டுமே. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் பொறுத்துக்கொள்ளும் வெப்ப வரம்பு சுருங்கிவிடுகிறது. அதனால்தான் உடல் வெப்பம் இம்மியளவு உயர்ந்தாலும் ரத்த நாளங்கள் விரிந்து வியர்த்துக் கொட்டுகிறது.

பருமன் காக்கும் என்று நம்புதல்

கொழுப்புத் திசுவிலும் ஈஸ்ட்ரோஜன் உருவாவதால் பருமனானவர்களுக்குத் தொல்லை குறைவு என்றே நாங்கள் படித்தோம். ஆனால் மாதவிடாய் நிற்பதை ஒட்டிய ஆண்டுகளில் அவர்களுக்குத்தான் வெப்பம் அதிகம் வருகிறது.

புகைப்பழக்கத்தைக் கேட்கக் கூசுதல்

கேளுங்கள். புகைப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

மாத்திரைகளையும் அறுவைச் சிகிச்சையையும் விசாரிக்காமல் விடுதல்

இது இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு. முதலில் செய்தவன் நானே. இரவில் மூன்று முறை தலையணையைத் திருப்பிப் போடுவதாகச் சொன்ன ஒரு பெண்ணிடம் காப்பி, எடை, தூக்கம் எல்லாம் கேட்டு அரைப் பக்கம் எழுதிய நான், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து மலர்ந்த முகத்துடன் வந்தவர், "அந்த மாத்திரையை நிறுத்திவிட்டேன் டாக்டர், இப்போது நன்றாகத் தூங்குகிறேன்" என்றார். அது மார்பகப் புற்றுநோய் மீண்டும் வராமலிருக்க, குறைந்தது 5 ஆண்டுகளுக்கு என்று கொடுக்கப்பட்ட டமாக்சிஃபென். ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுக்கும் அம்மருந்தே வெப்பத்துக்குக் காரணம் என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை, அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் தீர்வையும் அவரே முடிவு செய்யும்படி விட்டது என் குற்றம். அவரைப் புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்பி மருந்தை மீண்டும் தொடங்கவைக்கும் வரை எனக்கு நிம்மதியில்லை.

இதே கவனக்குறைவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. வெப்பத்தைத் தணிக்கவும் பயன்படும் மனச்சோர்வு மருந்தான பராக்ஸிட்டின், டமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுப்பதால், மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் எழுதும் ஒரு சீட்டே புற்றுநோய்ச் சிகிச்சையை வலுவிழக்கச் செய்யக்கூடும். அதேபோல், "கருப்பையை எடுத்துவிட்டார்கள்" என்ற பதிலோடு நிறுத்திவிடாமல், சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று கேளுங்கள். இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஹார்மோன் படிப்படியாகக் குறையாமல் ஒரேயடியாகச் சரிவதால் வெப்பம் கடுமையாகவே வரும்.

"ஓரிரு வருடத்தில் போய்விடும்" என்று தேற்றுதல்

நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வு 2015இல் வெளியிட்ட முடிவின்படி, அடிக்கடி வெப்பம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மாதவிடாய் நிற்கும் முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீண்டது.

தைராய்டை மறத்தல்

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே போல வெப்பமும் வியர்வையும் வரும். கைகளை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் நடுங்கி, நாடியும் விரைவாக ஓடினால், வயது எதுவாயினும் முதலில் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதுங்கள்.