துப்பாக்கி லைசென்ஸும் மனநலச் சான்றும்: நம்ம ஆட்கள் செய்கிற தவறுகள்

மதுரை அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கி கலெக்டர் ஆபீஸுக்கு நடக்கிற வழியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வாரிசுச் சான்று, வருமானச் சான்று என்று வருகிற கூட்டத்துக்கு நடுவே எப்போதாவது துப்பாக்கி லைசென்ஸுக்கும் ஆள் வரும். பெரும்பாலும் இரண்டு ரகம்தான். பேங்க்கிலோ நகைக்கடையிலோ கன்மேன் வேலைக்குப் போக நினைக்கிற எக்ஸ் சர்வீஸ்மேன் ஒரு ரகம். பேரையூர், சாப்டூர், உசிலம்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டுவிட்டு ராத்திரி பூரா காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டுகிற சம்சாரி இன்னொரு ரகம். (லைசென்ஸ் கிடைத்தாலும் பன்றியை இஷ்டத்துக்குச் சுட முடியாது, வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அதைச் சொன்னால் பாதிப் பேர் என்னையே முறைப்பார்கள்.)

இவர்கள் எல்லோரும் தடுக்கி நிற்கிற இடம் ஒன்றே ஒன்று. மனநலச் சான்று.

2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளில் எஸ்-3 என்று ஒரு படிவம் உண்டு. விண்ணப்பதாரர் உடம்பாலும் மனதாலும் தகுதியாக இருக்கிறார், போதைப் பொருளுக்கு அடிமை இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டியது. ஒரு தாள்தான், ஆனால் அதைப் பற்றி ஊரில் உலாவுகிற கதைகள் ஒரு வண்டி இருக்கும்.

முதலில் நான் செய்த தவறையே சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வந்தார். கன்மேன் வேலை பேசி முடித்தாயிற்று, லைசென்ஸ் வந்தால் மறுநாளே சேரலாம். ஃபைலைப் பிரித்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும்போது ஆதார் ஜெராக்ஸுக்குள் நாலாக மடித்த ஒரு மருந்துச் சீட்டு கிடந்தது. மனைவி தவறிய பிறகு தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, மனநல மருத்துவரிடம் ஒன்றரை வருஷம் பார்த்தேன் என்றார். "இதை டாக்டர்கிட்ட காட்டணுமா தம்பி?" என்று கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி, "அதெல்லாம் எதுக்குண்ணே, கேட்டா சொல்லுங்க, கேக்கலைன்னா விட்டுருங்க" என்றேன். அவரும் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சான்று சுலபமாக வந்தது. போலீஸ் விசாரணையில்தான் மாட்டியது. ஸ்டேஷனிலிருந்து வந்தவர் பக்கத்து வீட்டில் விசாரித்தார், அந்த அம்மா நல்ல மனதோடுதான், "பாவம், சம்சாரம் போனதுல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருந்தாரு" என்று சொல்லியிருக்கிறார். ஃபைல் திரும்பி வந்தது. இப்போது அவர் நோய்க்கு மட்டுமில்லை, ஏன் மறைத்தீர்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. முதல் கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது. இரண்டாவதற்கு என் யோசனையைத் தவிர ஒன்றுமில்லை.

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 17 அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து படித்தேன். முக்கியமான தகவலை மறைத்தோ தப்பான தகவல் கொடுத்தோ வாங்கிய லைசென்ஸை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம், ரத்து செய்யலாம். மறைத்தது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, உங்கள் சார்பில் வேறு யார் தப்பாகச் சொல்லியிருந்தாலும் அதே கதிதான். புரோக்கரிடம் ஃபைலைக் கொடுத்துவிட்டு, "எல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

சரி, ஏன் மறைக்கிறார்கள்? மாத்திரை சாப்பிட்டவன் என்று தெரிந்தால் 'பைத்தியம்' என்று முத்திரை குத்திவிடுவார்கள், லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். ஆயுதச் சட்டம் சித்த சுவாதீனம் இல்லாதவர்களுக்குத் துப்பாக்கி கூடாது என்கிறது, உண்மை. ஆனால் சிகிச்சை எடுத்தவர் எல்லோரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 3, இதைப் பச்சையாகவே சொல்கிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று தீர்மானித்ததாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், நீதிமன்றம் அப்படி அறிவித்திருந்தால்தான். முன்பு ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை எடுத்திருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து இப்போதும் நோய் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

இதைச் சொன்னவுடன் சிலர் நேர் எதிர்த் தவறுக்குத் தாவிவிடுகிறார்கள். "கோர்ட்டு சொல்லாம கலெக்டர் எப்படி மறுப்பார்?" என்று சட்டப் பிரிவைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கவுன்டரில் போய் நிற்பது. மறுக்கலாம். ஆயுதச் சட்டம் பிரிவு 14இல் 'ஏதேனும் காரணத்தால் தகுதியற்றவர்' என்று அதிகாரி நம்புவதற்குக் காரணம் இருந்தாலே போதும் என்று ஒரு அகலமான கதவு திறந்து கிடக்கிறது. பேர் மனநோயாக இருக்க வேண்டியதில்லை, வீட்டில் ஓயாத அடிதடி, தெருவில் மிரட்டல், குடித்துவிட்டு ரகளை, எதுவும் அந்தக் கதவு வழியாக உள்ளே வரும்.

குடி என்றதும் ஞாபகம் வருகிறது. இதை ஒரு விஷயமாகவே யாரும் நினைப்பதில்லை. "மனசு நல்லாத்தான் இருக்கு, சாயங்காலம் மட்டும் கொஞ்சம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எஸ்-3இல் போதைப் பழக்கத்தைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் விசாரிக்கும்போது தெருவில் முதலில் வெளியே வருகிற சங்கதியும் அதுதான்.

எனக்கு ரொம்பக் கவலை தருகிற தவறு வேறு. சான்று 'சுத்தமாக' வர வேண்டும் என்பதற்காக விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் மாத்திரையைத் தானாக நிறுத்துவது. இரண்டு பேர் என் கடையிலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள், "நிறுத்தி மூணு மாசம் ஆச்சுங்க, இப்ப ஒண்ணும் இல்ல" என்று. கண்ணாடி போட்டவர்தான் கண்ணாடியோடு போய் டிரைவிங் லைசென்ஸ் வாங்குகிறார், ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் கழற்றி வைத்துவிட்டு யாரும் வண்டியை எடுத்து ஓட்டிக் காட்டுவதில்லை. மாத்திரையைத் திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், பதற்றம் ஏறும், பழைய நோய் திரும்பி வரலாம், அதுவும் சரியாக வீட்டுக்குத் துப்பாக்கி வரப்போகிற நேரத்தில். ஒழுங்காக மருந்து எடுத்து நிலையாக இருக்கிறார் என்று சிகிச்சை பார்க்கிற மருத்துவர் எழுதுகிற ஒரு கடிதம், மருந்தை விட்ட மூன்று மாசத்தைவிட ஆயிரம் மடங்கு கனமானது.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம். எஸ்-3இல் கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் பொது மருத்துவர், உங்களை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார். பழைய சிகிச்சை இருந்தால் அதைப் பார்த்த மனநல மருத்துவரிடம் முதலில் போங்கள். 'நலமாக உள்ளார்' என்று ஒற்றை வரியில் எழுதி வாங்குவதால் பிரயோஜனம் இல்லை. என்ன பிரச்சினைக்கு எப்போது வந்தார், எவ்வளவு நாள் சிகிச்சை, இப்போது எப்படி இருக்கிறார், தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா இல்லையா, இவ்வளவும் இருக்க வேண்டும். வேறு ஊரில் சிகிச்சை எடுத்திருந்தால் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதே 2017 சட்டம், பிரிவு 25. ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாவற்றையும் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம், ரகசியம் காக்க வேண்டியது அவர்கள் கடமை. யாருடைய உயிருக்காவது ஆபத்து, பொதுப் பாதுகாப்பு, கோர்ட்டு உத்தரவு மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற இடம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள், தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

அப்புறம், அமெரிக்க யூடியூப். மகன் டெக்சாஸில் இருக்கிறான், அங்கே எல்லாம் கடைக்குப் போய் ஒரு படிவம் நிரப்பினால் போதுமாமே என்பார்கள். அங்கே கடையில் வாங்குகிறவர் 4473 என்ற படிவத்தில் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மனநலம் பற்றிய கேள்வியும் அதில் உண்டு, கோர்ட்டோ அதிகாரமுள்ள அமைப்போ தீர்மானித்திருக்கிறதா, கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டீர்களா என்பதுதான் விஷயம். 1968ஆம் வருஷத்துச் சட்டம். தானாக முன்வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு அந்த மத்தியச் சட்டத்தின்படி தடை இல்லை. துப்பாக்கி வைத்திருப்பது அங்கே உரிமை, பறிப்பதற்கு அரசாங்கம்தான் காரணம் காட்ட வேண்டும். இங்கே அது அனுமதி, நாம்தான் காரணம் சொல்ல வேண்டும். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இந்த ஃபைலை நிரப்பாதீர்கள்.

மறுத்துவிட்டால் வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது இன்னொரு தவறு. காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். ஆயுதச் சட்டம் பிரிவு 18இல் மேல்முறையீடு உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு, அதனால் ஆணை கைக்கு வந்த தேதியை உறையிலேயே எழுதி வையுங்கள்.

லைசென்ஸ் வந்தபின் செய்கிற தவறைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும், முன்பு மூன்றுதான். ஐந்து வருஷத்தில் மனுஷனுக்கு என்னென்னவோ நடக்கும். கடன், சாவு, மகளின் விவாகரத்து, மழை இல்லாத இரண்டு போகம். அந்த நேரத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவுக்கு மேலே இருக்கக் கூடாது, சாவி லைசென்ஸ் வைத்திருப்பவர் கையில் இருக்கவே கூடாது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறோம் இல்லையா, அதே மாதிரி ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ கொஞ்ச காலம் பாதுகாப்பாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். "ஒப்படைச்சா திரும்பக் கிடைக்காது, பேரு கெட்டுரும்" என்று வீட்டில் தடுப்பார்கள். கிடைக்க நாளாகலாம், அலையவும் வேண்டியிருக்கும். அலையட்டும். மனசு விட்டுப்போன மாதிரிப் பேசினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

அந்த ஹவில்தார் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மனநல மருத்துவரிடம் போய் முழு விவரத்தோடு கடிதம் வாங்கி, ஏன் முதலில் சொல்லவில்லை என்று தன் கைப்பட ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் கடைக்காரத் தம்பி சொன்னதாக ஒரு வரியும் இருந்தது, ஜெராக்ஸ் எடுத்தவன் நான்தான். ஏழெட்டு மாசம் இழுத்து லைசென்ஸ் வந்தது. பேசி வைத்திருந்த வேலை அதற்குள் வேறு ஆளுக்குப் போய்விட்டது.