கூட்டாளிப் புரதத்தைத் தனியாகவும் செலுத்திப் பாருங்கள்

மீன் குடலில் அமினோ அமிலத்தை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதத்துக்கு ஒரு கூட்டாளிப் புரதம் வேண்டுமா என்று, தவளை முட்டையில் செலுத்திப் பார்க்கும் சோதனை இது. கோவை உக்கடம் மார்க்கெட்டில் ஜிலேபி மீன் வாங்கித்தான் தொடங்கினேன். ஐஸில் கிடந்த மீன் குழம்புக்கு ஆகும், ஆர்என்ஏ (புரதம் செய்யச் செல் படிக்கும் மரபணு நகல்) எடுக்க ஆகாது. ஆர்என்ஏவை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் பட்டை எதுவும் இல்லை, மேலிருந்து கீழ்வரை அப்பின மாதிரி ஒரு தடம், அதாவது எல்லாம் சிதைந்துவிட்டது. அடுத்த வாரம் பவானிசாகர் போய், துள்ளுகிற மீனாகக் கரையிலேயே வாங்கினேன். "ஏனுங்க, குடல் மட்டும் போதுங்களா?" என்றார் விற்றவர். மீதியை அவரே வைத்துக்கொண்டார். ஜிலேபியின் குடல் உடம்பைவிடப் பல மடங்கு நீளம். இரைப்பையை ஒட்டிய பகுதியில் கொஞ்சம் வெட்டி, பித்தம் போக அலசி, ஆர்என்ஏ காக்கும் திரவத்தில் உடனே போடுங்கள்.

அந்த ஆர்என்ஏவிலிருந்து குளோன் செய்ய (மரபணுவைத் தனியே பிரித்துப் படியெடுக்க) வேண்டியவை இரண்டு. ஒன்று, லூசின் போன்ற நடுநிலை அமினோ அமிலங்களைச் சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுக்கும் பி-நாட்-ஏடி-1 என்ற கடத்தி. இன்னொன்று அதன் கூட்டாளி. பாலூட்டிகளில் இந்தக் கடத்தி செல் மேற்பரப்புக்கு வர, குடலில் ஏஸ்-2 என்ற புரதம் வேண்டும் (ஆமாம், கொரோனா பிடித்துக்கொண்ட அதே ஏஸ்-2தான்). சிறுநீரகத்தில் கொலெக்ட்ரின் என்ற புரதம் வேண்டும். ஏஸ்-2 நீக்கிய எலியின் குடலில் கடத்தியே காணாமல் போகிறது. மீனிலும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளாமல், கூட்டாளியையும் மீனிலிருந்தே எடுங்கள். எலிக் கூட்டாளியை மாற்றிப் போட்டுப் பார்ப்பது அப்புறம்.

சரி, முட்டைக்கு வருவோம். குளோன் செய்த மரபணுவின் ஆர்என்ஏவை உள்ளே செலுத்தினால், முட்டையே அந்தப் புரதத்தைச் செய்து தரும். ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைச்செல்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நான்கு கிண்ணங்கள்: வெறும் தண்ணீர், கடத்தி மட்டும், கூட்டாளி மட்டும், இரண்டும். கடத்தி ஆர்என்ஏ போடும் இரண்டு கிண்ணங்களிலும் அதன் அளவு ஒன்றாக இருக்கட்டும். மாணவர்கள் மிச்சம் பிடிப்பது மூன்றாவது கிண்ணத்தில்தான். அதை விடவே கூடாது. 1992இல் ஆர்பேட் என்ற புரதத்தின் ஆர்என்ஏவை மட்டும் செலுத்தியபோதே முட்டை சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை இழுத்தது, ஆர்பேட்தான் கடத்தி என்று தோன்றியது. உண்மையில் அது கூட்டாளி. விசைத்தறி ஊரான சோமனூர்க்காரன் பாஷையில் சொன்னால், தறி முட்டைக்குள் ஏற்கனவே சும்மா கிடந்தது, ஓட்ட ஆள் வந்தது, அவ்வளவுதான். பாலூட்டிகளில் அந்தத் தறியை, அதாவது நிஜக் கடத்தியை, அடையாளம் காண 1999 ஆயிற்று.

இரண்டு மூன்று நாள் 18 டிகிரியில் வைத்து, கதிரியக்க லூசின் கரைசலில் ஊறவிட்டு, ஐஸ் குளிர்ச்சியான கரைசலில் நாலைந்து முறை அலசி, முட்டைக்குள் போன கதிரியக்கத்தை எண்ணுங்கள். கரைசலில் சோடியத்துக்குப் பதில் கோலின் (கடத்தி பயன்படுத்த முடியாத மாற்று அயனி) போட்ட ஒரு செட்டும் வேண்டும், அதில் எண்ணிக்கை விழாவிட்டால் நீங்கள் அளப்பது வேறு எதையோ.

இரண்டும் செலுத்திய கிண்ணத்தில் இழுப்பு கூடினால் உடனே குதிக்க வேண்டாம். மேற்பரப்பில் கடத்திகள் பெருகினவா, அல்லது இருந்தவையே வேகம் பிடித்தனவா? செல்லுக்குள் நுழையாமல் வெளியே உள்ள புரதங்களில் மட்டும் ஒட்டும் பயோட்டின் என்ற அடையாள மூலக்கூறைப் பூசி, மேற்பரப்புப் புரதத்தைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

குறைந்தது மூன்று தவளைகளின் முட்டைகளில் செய்யுங்கள். இன்குபேட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். ஒரு சித்திரை மாதம் நாலு மணி நேரம் கரண்டு போய், என் நான்கு கிண்ணங்களும் கஞ்சியாகிவிட்டன.