காருக்கு எந்த பிறேக் ஒயில்? போத்தல் வாங்க முன் பார்க்க வேண்டியவை

முதலில் பொனற்றைத் திறந்து, சாரதிப் பக்கம் இருக்கும் பிறேக் ஒயில் தாங்கியின் மூடியைப் பாருங்கள். டொட் 3 (DOT 3) அல்லது டொட் 4 (DOT 4) என்று அதிலேயே இருக்கும். எழுத்து அழிந்திருந்தால் காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

அந்த இலக்கம் கொதிநிலையைக் குறிக்கும். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை தாங்க வேண்டும். டொட் 4 என்றால் 230, டொட் 5.1 என்றால் 260. ஆனால் இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் டொட் 3இன் அளவு 140க்கும், டொட் 4இன் அளவு 155க்கும் இறங்கிவிடும். யாழ். குடாநாட்டுச் சமதரையில் பிறேக் பெரிதாகச் சூடேறாது, ஒயில் பழசானதே தெரியாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் மலையிறங்கும்போதுதான் வினை. கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழ் வரும், குமிழ் நசியும், பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. ஆகவே கையேட்டில் வேறு கணக்கு இல்லாவிட்டால் 2 வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள்.

டொட் 3 கேட்கும் காருக்குப் பொதுவாக டொட் 4 விடலாம், மறுவளமாக விடக்கூடாது. டொட் 5 சிலிக்கன் வகை. 5.1 என்று நினைத்து அதை வாங்கிவிடாதீர்கள், மற்றவற்றோடு சேராது. என்ஜின் ஒயில் தவறி விழுந்தால் ரபர் சீல்கள் ஊதிப் பழுதாகும், பிறகு செலவு பெரிது.

உட்சீல் உடையாத போத்தலாக வாங்குங்கள். முழுதாக மாற்ற அநேகமான கார்களுக்கு 1 லீற்றர் போதும். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைக்க வேண்டாம்.

தாங்கியில் ஒயில் மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றாமல் பிறேக் பாட்டை (பிறேக் பிடிக்கும்போது உரசித் தேயும் கட்டை) பாருங்கள். பாட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும். நிரப்பிவிட்டுப் புதுப் பாட் போட்டால் ஒயில் வழியும். திடீரென இறங்கினால் ஒழுக்குத்தான், சில்லுகளின் உட்புறத்தில் ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

மாற்றும்போது தாங்கியின் பழைய ஒயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சிப் புதியதை நிரப்புங்கள். பிறகு பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று சில்லுச் சில்லாகக் காற்றெடுப்பது (குழாயிலுள்ள பழைய ஒயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) பொதுவான ஒழுங்கு. ஒருவர் பெடலை அமத்திப் பிடிக்க, மற்றவர் சில்லின் உட்புறமுள்ள நிப்பிளை (ஒயில் வெளியேறும் சிறு திருகு) திறந்து, பெடலை விட முன் பூட்ட வேண்டும். தாங்கி வெறுமையானால் காற்று புகுந்து வேலை முதலிலிருந்து தொடங்கும். பெயின்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

அக்குவா, பிறியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் இதை வீட்டில் செய்யாதீர்கள். அவற்றில் காற்றெடுக்க, காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கானர் வேண்டும், அது உள்ள கராஜுக்கே கொண்டுபோங்கள்.