பொடக்காலியில் காங்கிரீட் தளம்: தண்ணீரை எங்கே குறைப்பது, எங்கே கொட்டுவது

சேலத்து வெயிலில் பொடக்காலியில், அதாவது வீட்டின் பின்புறத்தில், சொந்தக் கையால் போட்ட தளங்கள் வெடிப்பதற்கும் மாவாய் உதிர்வதற்கும் சிமெண்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கலக்கும்போது தண்ணீரைத் தாராளமாக ஊற்றுகிறோம், போட்ட பிறகு ஊற்ற மறந்துவிடுகிறோம். அநேகமாக இந்த இரண்டும்தான் காரணம்.

12 அடிக்கு 10 அடி, 4 அங்குல கனம் என்று வைத்துக்கொள்வோம். நாலு நாற்காலி, ஒரு துணி காயும் கொடி, மாலையில் உட்கார இடம். இதற்கு 40 கன அடி காங்கிரீட் வேண்டும். எம் 20 கலவை, அதாவது 1 பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி. கணக்குப்படி 9 மூட்டை சிமெண்ட். கையால் கலப்பதென்றால் பத்தில் ஒரு பங்கு கூட்டி 10 மூட்டை. எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) சுமார் 20 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி சுமார் 37 கன அடி. மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் வருடத்தையும் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதம் தாண்டிய மூட்டை வேண்டாம்.

மணல் விஷயத்தில் ஏமாறுவது சுலபம். பூச்சுக்கு வரும் பி சாண்ட் மிக மெல்லியது, காங்கிரீட்டுக்கு ஆகாது. கல் உடைக்கும்போது விழும் தூளான கிரஷர் டஸ்ட்டை எம் சாண்ட் என்று சொல்லி இறக்குவதும் உண்டு. ஒரு கைப்பிடி எடுத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் தெளியாமல் சேறாகவே நின்று, மேலே கனமான மாவுப் படலம் தங்கினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம்.

முதல் வேலை சதுரம் பார்ப்பது. நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டும் 15 அடி 7½ அங்குலம் வர வேண்டும். வாட்டம், அதாவது தண்ணீர் வழியும் சரிவு, அடிக்கு கால் அங்குலம். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே 10 அடிக்கு மொத்தம் இரண்டரை அங்குலம் இறங்கும். தளத்தின் மேல்மட்டம் வாசல்படிக்கு 4 அங்குலமாவது கீழே நிற்கட்டும். அதற்கு மேல் ஏறினால் மழைத் தண்ணீர் சுவரில் ஊறி, உள்ளே பெயிண்ட் உரியும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் குழாயில் மட்டம் எடுப்பது நம்பகமானது. குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், தட்டி வெளியேற்றிவிட்டுப் பாருங்கள்.

கீழே 4 அங்குல கனத்துக்கு அஸ்திவாரப் படுகை வேண்டும். தரை சமமாக இருந்து, தளத்தின் வெளி ஓரம் தரையைவிட ஓர் அங்குலம் தூக்கி நிற்பதாகக் கொண்டால், சுவரோரம் நாலரை அங்குலமும் வெளி ஓரத்தில் 7 அங்குலமும் தோண்ட வேண்டும். குழியின் அடியும் வாட்டத்தோடு இறங்கினால்தான் கனம் எங்கும் ஒரே மாதிரி வரும். வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்தூளும் ஈரத்தோடு கலந்து வருவது) அல்லது ஒன்றரை அங்குல ஜல்லியும் கிராவலும் கலந்து அரை யூனிட், அதாவது 50 கன அடி வாங்கி, இரண்டு அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடியுங்கள். குதிகால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. செம்மண் மனைக்கு இது போதும். கரிசல் மண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் என்பதால், அங்கே இன்னும் ஓர் அடி தோண்டி கிராவல் நிரப்பாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஏற்காட்டுச் சரிவில் வீடு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மலையை வெட்டிய பாதியும் மண் கொட்டி நிரப்பிய பாதியுமாக இருக்கும் இடத்தில் தளம் போட்டால், இரண்டும் சேரும் கோட்டிலேயே வெடிப்பு ஓடும். நிரப்பிய மண் ஒரு மழைக்காலம் கண்டு அமர்ந்த பிறகு போடுங்கள். இல்லாவிட்டால் தளத்தைத் துண்டாகப் போட்டு, துண்டுகள் சேரும் இணைப்பை அந்தக் கோட்டிலேயே வையுங்கள்.

10 மூட்டையை ஒரே காலையில் இரண்டு பேர் கையால் கலந்து போட நினைப்பது தப்புக் கணக்கு. கடைசி மூட்டை போடும்போது முதல் மூட்டை இறுகியிருக்கும். தளத்தை 6 அடிக்கு 5 அடி என நாலு பலகமாகப் பிரித்து, குறுக்கு எதிரே உள்ள இரண்டை ஒரு நாளும், மூன்று நாள் கழித்து மீதி இரண்டையும் போடுங்கள். ஒரு நாளைக்கு 5 மூட்டைதான். பலகங்களுக்கு நடுவே இணைப்பும் தானாக வந்துவிடும். முதலில் போட்ட விளிம்பில் பாலித்தீன் பட்டை ஒட்டிவிட்டுப் புதிதைப் போடுங்கள், பழைய காங்கிரீட்டும் புதியதும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. வீட்டுச் சுவரோரம் அரை அங்குலத் தெர்மோகோல் நிறுத்துங்கள். சுவரும் தளமும் ஒட்டியிருந்தால் ஒன்று அசையும்போது மற்றது வெடிக்கும்.

காங்கிரீட்டைத் தடுக்கும் மரப் பலகைகளை ஓரங்களில் 4 அங்குல உயரத்துக்கு நிறுத்தி, இரண்டரை அடிக்கு ஒரு முளை வெளிப்புறம் அடித்து முட்டுக் கொடுங்கள். ஈரக் காங்கிரீட்டின் தள்ளுவிசை பார்வைக்குத் தெரியாது. முளை தளர்ந்தால் ஓரம் வயிறு தள்ளிவிடும். நாற்காலி போடும் தளத்துக்குக் கம்பி அவசியமில்லை. பைக்கோ காரோ ஏறுமென்றால் கனத்தை 5 அங்குலமாக்கி, 8 மி.மீ. கம்பியை இருபுறமும் 8 அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டி, கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு சிமெண்ட் கட்டை) மேல் நிறுத்துங்கள். தரையில் போட்டுவிட்டு கொட்டும்போது இழுத்துத் தூக்கிக்கொள்ளலாம் என்றால், கம்பி அடியிலேயே கிடக்கும். கோழி வலை எதற்கும் ஆகாது.

கலவை நாள். ஏப்ரல், மே தவிர்த்தால் நல்லது. முடியாவிட்டால் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி, மேலே நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள். முந்தின இரவே படுகையை நனைத்துவிட வேண்டும். காய்ந்த செம்மண்ணும் கிராவலும் கலவையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். நனைந்திருக்கட்டும், குட்டை நிற்க வேண்டாம்.

அளவுக்குப் பாண்டு (மண் அள்ளும் சட்டி) ஆகாது, ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக அள்ளுவார்கள். 40, 35, 25 செ.மீ. உள்ளளவில் ஒரு பெட்டி செய்தால் 35 லிட்டர், சரியாக ஒரு மூட்டை சிமெண்ட்டின் அளவு. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. சிமெண்ட்டையும் மணலையும் நிறம் ஒன்றாகும்வரை மூன்று முறை புரட்டி, ஜல்லி சேர்த்து, பிறகு தண்ணீர். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 எம் 20-க்கு மூட்டைக்கு 30 லிட்டர்வரை அனுமதிக்கிறது. 26, 27-ல் நிறுத்துங்கள். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் வேண்டாம், காவிரித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவையுங்கள். ஓர் அடி உயர வாளியில் கலவையை நிரப்பிக் கவிழ்த்துத் தூக்கினால் மூன்று அங்குலம் அமர்ந்து நிற்க வேண்டும். இட்லி மாவாய் ஓடினால் தண்ணீர் அதிகம். அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது விட்டுச்செல்லும் துளைகள்தான் பின்னால் வலுக் குறைவும் வெடிப்பும்.

கொட்டியதும் கம்பியால் குத்தி, ஓரங்களில் பலகையைத் தட்டுங்கள். மட்டக்கட்டையை ரம்பம்போல் அறுத்து இழுத்து மட்டம் செய்யுங்கள். அடுத்து, கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். மேலே கசியும் தண்ணீர் பளபளப்பு மறைந்து, கால் வைத்தால் கால் அங்குலம் மட்டும் பதியும் நிலையில் மணியாசுக் கட்டையால் தேய்க்கலாம். அதற்கு முன்னால், தண்ணீர் நிற்கிறதே என்று காய்ந்த சிமெண்ட்டைத் தூவிப் பால் ஏற்றும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். அந்தப் படலம் சில மாதத்தில் சிலந்திவலையாய் வெடித்து, அப்பளம்போல் உரியும். தேய்க்கும்போது மயிரிழை வெடிப்பு தென்பட்டால், ஈரம் இருக்கையிலேயே மறுபடி அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். கடைசியில் தென்னை ஈர்க்குச் சீமாற்றை வாட்டத்தின் திசையில் ஒரே இழுப்பாக இழுங்கள். ஏற்காட்டில் பனியும் பாசியும் சேர்ந்து வழுக்கும் என்பதால் கோடு சற்று ஆழமாக விழட்டும்.

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது வாட்டமுள்ள தளத்தில் எடுபடாது. ஒரு பக்கம் குளமாகும், மறுபக்கம் காயும். மேற்பரப்பு இறுகியதும் பாலித்தீன் விரித்து ஓரங்களில் செங்கல் வையுங்கள். மறுநாள் காலை நனைத்த சாக்கைப் பரப்பி அதன்மேல் பாலித்தீனைப் போடுங்கள். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட்டும் சேலத்து வெயிலும் சேர்ந்தால் 14 நாள் ஈரம் வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு மூலையில் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். கீழே தளம் வெளிறியிருந்தால், தினம் மூன்று முறை நனைப்பதை ஐந்தாக்குங்கள். மறுநாளே நடக்கலாம். நாற்காலி ஒரு வாரத்துக்குப் பிறகு, வண்டி 28 நாள் கழித்து.