திருநெல்வேலிச் சீமை பன்னாட்டு விளையாட்டு விழாவுக்கு உரிமை கோருவது எப்படி

2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுப்பேரவை, 2030-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை அகமதாபாத்துக்கு வழங்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆடவர் இளையோர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் தொடங்கியது. மதுரை வரை வந்த பன்னாட்டுப் போட்டி கோவில்பட்டிக்கும் பாளையங்கோட்டைக்கும் எப்போது வரும் என்று இப்பகுதி விளையாட்டு ஆர்வலர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. அந்தக் கேள்வியை ஒரு முறையான கோரிக்கையாக மாற்ற விரும்பும் உடற்கல்வி இயக்குநர்கள், விளையாட்டுச் சங்கத்தார், வணிகர் சங்கத்தார், மாமன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இங்கே ஏற்கெனவே நிற்கும் மைதானங்களையும் விடுதிகளையும் சாலைகளையும் அடிப்படையாக வைத்தே கோரிக்கையை எழுத வேண்டும் என்பதும், விழா முடிந்த பின் முப்பது ஆண்டுகள் ஊருக்குப் பயன்படாத எதையும் அதற்காகக் கட்டக்கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. பின்வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கருத்தை ஒட்டியே செல்கிறது.

எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது

ஒரு மாநகராட்சி தானாகவே பன்னாட்டு அமைப்புக்குக் கடிதம் எழுதி உரிமை கோர முடியாது. ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிகள் மூன்றுக்கும் இந்தியாவின் சார்பில் விண்ணப்பிக்கும் தகுதி இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கே உண்டு. அகமதாபாத்தின் கோரிக்கைக்கும் 2025 ஆகஸ்டில் முதலில் அந்தச் சங்கத்தின் பொதுக்குழு ஒப்புதல் அளித்தது; பின்னர் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆகவே, நம் கோரிக்கை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் தொடங்கி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், மாநில அரசு, இந்திய ஒலிம்பிக் சங்கம், ஒன்றிய அரசு என்ற வரிசையில் மேலே செல்ல வேண்டும். இந்த வரிசையில் எந்தப் படியையும் தாண்டிச் செல்ல முயல்வது வீண் வேலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 4,73,637 பேர் வாழ்ந்த திருநெல்வேலி மாநகரம் காமன்வெல்த் போட்டியைத் தனியாக நடத்துவதாகச் சொன்னால் அந்தக் கோப்பு முதல் மேசையிலேயே நின்றுவிடும். நமக்குப் பொருத்தமானவை வேறு. தெற்காசிய விளையாட்டுப் போட்டியை 2016-இல் குவாஹாட்டியும் ஷில்லாங்கும் பகிர்ந்து நடத்தின. 2022-இல் குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டியை ஆறு நகரங்களில் நடத்தியது. மூன்றே ஆண்டுகளில் காமன்வெல்த் உரிமையும் அதன் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டி சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நான்கு நகரங்களில் நடந்தது. மதுரைக்குத் தெற்கே வரவில்லை. எனவே, அடுத்த தேசிய அளவிலான போட்டியில் ஐந்தாவது நகரமாகத் திருநெல்வேலியைச் சேர்க்கும்படி முதலில் கேட்க வேண்டும். அதன் பின், தமிழ்நாடு கோரும் பன்னாட்டு விழா ஒன்றில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்து ஒரு தொகுதியாக இடம்பெறக் கேட்க வேண்டும்.

நாள் குறித்தல்

மைதானங்களைப் பட்டியலிடுவதற்கு முன்பே நாளைக் குறித்துவிடுவது நல்லது. இந்தச் சீமையில் நாள் தவறினால் மற்ற எல்லாமே தவறிவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதையும், திருநெல்வேலி சந்திப்புப் பேருந்து நிலையப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியதையும் இங்குள்ள யாரும் மறக்கவில்லை. ஏப்ரல், மே மாத வெயிலில் நெடுந்தொலைவு ஓட்டம் வைப்பது வீரர்களின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஆனி, ஆடி மாதங்கள் குற்றாலச் சாரலை நினைவூட்டி நம்மை மயக்கக்கூடும். ஆனால் அக்காலத்தில் ஆரியங்காவு, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே நுழையும் மேற்குக் காற்று தடகளப் போட்டிக்கு நேர்ப் பகையாகும். நூறு மீட்டர், இருநூறு மீட்டர் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றிலும் பின்னிருந்து வீசும் காற்றின் வேகம் விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்தச் சாதனை பதிவாகாது. காற்றாலைகளைச் சுழற்றும் காற்றில் ஓடி எடுத்த நேரத்தை எந்தப் பயிற்சியாளரும் மதிக்க மாட்டார். அதோடு ஆனித் தேரோட்டத்தின் போது நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளுக்கே காவல்துறையின் முழு பலமும் தேவைப்படுகிறது.

எஞ்சுவது தை, மாசி. தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் பேருந்துகளிலும் ரயில்களிலும் இடம் கிடைக்காது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கிப் பாதயாத்திரை செல்வோர் சாலை ஓரங்களை நிறைத்திருப்பார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு விளையாட்டு வீரர்களின் பேருந்தை விடுவதாக யாரும் கனவு காணக் கூடாது. மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கிவிடும். ஆக, தைப்பூசம் முடிந்த பிறகு, பொதுத்தேர்வுக்கு முன்னதாக, பிப்ரவரியில் இரண்டு வாரம் என்று கோரிக்கையில் தெளிவாக எழுத வேண்டும். ஆண்டுதோறும் தைப்பூசம் நகர்வதால், கோரும் ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்தே தேதியைக் குறிக்க வேண்டும்.

அந்த இரண்டு வாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அப்போது தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெற்பயிர் வயலில் நிற்கும். அதற்குரிய தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட விளையாட்டுத் திடலுக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் கோரிக்கை ஊருக்குள்ளேயே தோற்றுவிடும், தோற்க வேண்டியதும்தான்.

இருப்பதை அளத்தல்

அடுத்த வேலை அளவு நாடாவோடு மைதானங்களுக்குச் செல்வது. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம், வ.உ.சி. மைதானம், கல்லூரித் திடல்கள், அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகம், சங்கர் நகர் கிரிக்கெட் மைதானம், கோவில்பட்டி செயற்கைப் புல்வெளி ஹாக்கி மைதானம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு திறக்க வேண்டும். நீளம், அகலம், கூரை உயரம், விளக்குகளின் எண்ணிக்கை, மின் இணைப்பின் திறன், கழிப்பறைகள், சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம், ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வாயில் ஆகியவற்றை நேரில் பார்த்து எழுத வேண்டும். அலுவலகக் கோப்பில் உள்ள அளவை அப்படியே படியெடுப்பது போதாது.

அளவுகளை எதனோடு ஒப்பிடுவது என்பது அடுத்த கேள்வி. ஹாக்கித் திடல் 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். அதைச் சுற்றி ஓடி நிற்கும் வெளியும் தேவை. உலகத் தர இறகுப்பந்தாட்டத்துக்குக் கூரை 12 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து கம்பீரமாகத் தெரியும் பல உள்ளரங்குகள் இந்த ஓர் அளவிலேயே தகுதி இழந்துவிடும். பெரிய நீச்சல் போட்டிக்கு 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள, பத்துத் தடங்கள் கொண்ட குளம் வேண்டும். இது இங்கே இல்லையென்றால், கட்ட முற்படுவதைவிட 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டப்பட்ட சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகத்துக்கே நீச்சலை ஒப்படைத்துவிடலாம். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் உள்ளரங்கத் தடத்தில் ஓட்டும் சைக்கிள் பந்தயம் லண்டனில் நடந்தது. அதனால் பர்மிங்காமின் மதிப்பு குறையவில்லை.

கபடியை முதலிடத்தில் வைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் இந்த மண்ணிலிருந்து சென்றவர். ஊருக்கு ஊர் கபடிக் குழு உள்ள இச்சீமையில் பார்வையாளர் வரிசை காலியாக இருக்காது. ஆடவருக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள விரிப்பே ஆடுகளம் என்பதால், அதை விரித்து, முடிந்ததும் சுருட்டி எடுத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டாவது ஹாக்கி, ஒரு மணி நேரப் பயணத்தில் கோவில்பட்டி இருக்கும்போது புதிய திடல் எதற்கு? தரையைப் புதுப்பிக்க நேர்ந்தால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் விரிக்கப்பட்டதைப் போலக் குறைந்த நீர் போதுமான வகையைக் கேட்க வேண்டும். மூன்றாவது கடற்கரை விளையாட்டுகள். மணப்பாடு, திருச்செந்தூர்ப் பகுதிக் கடற்கரை இதற்கு அழகாகப் பொருந்தும். ஆனால் பிப்ரவரி மாதம், பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவமும் ஆகும். ஆகவே வனத்துறையிடமும், வள்ளம் இழுத்து வைக்கும் மீனவ ஊர்களின் கமிட்டியிடமும் எழுத்து மூலம் சம்மதம் பெறாமல் ஒரு கம்பம்கூட மணலில் நடக்கூடாது. இரவில் ஒளிவிளக்கும் கூடாது.

தங்கும் இடமும் வழியும்

புதிய விளையாட்டுக் கிராமம் தேவையில்லை. வீரர்களைப் பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதிகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் தங்கவைக்கலாம். ஆனால் மாணவர்களுக்கு முன்கூட்டியே விடுமுறை அறிவித்து, கல்வி நாட்களை வேறு மாதத்தில் ஈடுசெய்து தர வேண்டும். 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்காகப் பல்கலைக்கழக விடுதிகள் காலி செய்யப்பட்டபோது மாணவர்கள் வாடகை அறை தேடி அலைந்தார்கள். அந்த நிலை இங்கே நேரக்கூடாது. அலுவலர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் குற்றாலம் இருக்கிறது. ஐயப்ப பக்தர்களின் வருகை ஜனவரியில் ஓய்ந்துவிடும், சாரல் காலம் ஜூனில்தான் பிறக்கும். இடையில் உள்ள பிப்ரவரியில் அங்குள்ள விடுதிகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அவற்றின் உரிமையாளர்களோடு முன்கூட்டியே ஒரு வாடகை விகிதத்தை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டுள்ளது. சென்னை வந்தே பாரத் ரயில் 2023 செப்டம்பர் முதல் ஓடுகிறது. இவை கோரிக்கைக்குப் பெரும் பலம். பலவீனங்கள் பாலங்களில் உள்ளன. விமான நிலையத்திலிருந்து வரும் நான்குவழிச் சாலை தாமிரபரணியைக் கடக்கும் வல்லநாட்டுப் பாலம் பலமுறை பழுதடைந்து ஒரு பக்கம் மூடப்பட்டதை நாம் அறிவோம். விழாக் காலத்துக்கு அதன் உறுதி குறித்த பொறியாளர் சான்றைக் கோரிக்கையோடு இணைக்க வேண்டும். நகருக்குள் வண்ணார்பேட்டைக்கும் சந்திப்புக்கும் இடையே உள்ள சுலோச்சன முதலியார் பாலமும் சந்திப்பை அடுத்த ஈரடுக்கு மேம்பாலமும் அன்றாடப் போக்குவரத்தையே திணறித் தாங்குகின்றன. எனவே முடிந்தவரை வீரர்களின் தங்குமிடத்தையும் பயிற்சித் திடல்களையும் பாளையங்கோட்டைப் பக்கமே அமைத்துவிட வேண்டும். சங்கர் நகருக்கும் அபிஷேகப்பட்டிக்கும் செல்வோருக்குப் போட்டி நேரத்தைத் தாழையூத்து, பேட்டைச் சாலைகளின் நெரிசல் நேரத்துக்கு வெளியே வைக்க வேண்டும்.

பணமும் பொறுப்பும்

செலவை இரண்டு பேரேடுகளாகப் பிரித்து எழுத வேண்டும்: நிலைத்து நிற்கும் பணிகள் ஒன்று, இரண்டு வாரத்தில் கரைந்துபோகும் நடத்துச்செலவு மற்றொன்று. இரண்டையும் கலந்து எழுதினால் எது யாருடைய பொறுப்பு என்பது மறைந்துவிடும். நஷ்டம் வந்தால் யார் ஏற்பது என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தேடிப் படிக்க வேண்டும். 2015-இல் 2022-க்கான காமன்வெல்த் உரிமையைப் பெற்ற டர்பன் நகரம், அரசின் நிதி உத்தரவாதம் உரியபடி கிடைக்காததால் 2017 மார்ச்சில் அதை இழந்தது. 2026 போட்டியைப் பல சிறு நகரங்களில் நடத்துவதாக ஏற்ற ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 600 கோடியைத் தாண்டியதாகக் கூறி 2023 ஜூலையில் விலகியது. விலகியதற்காக மட்டுமே 38 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. அந்தப் போட்டியை ஏற்ற கிளாஸ்கோ, பத்து விளையாட்டுகள், நான்கு மைதானங்கள் என்று சுருக்கிக்கொண்டது. பல நகரங்களுக்குப் பிரித்தால் செலவு தானாகக் குறையும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு புதிய இடத்துக்கும் காவல், மருத்துவம், ஒளிபரப்பு ஆகியவை தனித்தனியே தேவைப்படும். ஆகவே நம் தொகுதியில் ஐந்து இடங்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது.

தொடக்க விழாவைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். வ.உ.சி. மைதானத்தில் நையாண்டி மேளமும் கரகமும் வில்லுப்பாட்டும் போதுமானவை.

ஊரைக் கேட்டல்

1976 குளிர்கால ஒலிம்பிக்கைப் பெற்றிருந்த அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்கு, 1972-இல் மக்கள் வாக்கெடுப்பில் பணம் மறுக்கப்பட்டது; போட்டி இன்ஸ்புருக்குக்குப் போனது. உரிமை கிடைத்த பிறகு ஊரைக் கேட்பதால் வரும் விளைவு இது. நம் மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபாக்களும் கிராமங்களில் கிராம சபைகளும் சட்டப்படி கூடுகின்றன. கோரிக்கையின் வரைவை அச்சிட்டு அந்தக் கூட்டங்களில் வைத்து, எழும் எதிர்ப்புகளையும் அவற்றுக்கான பதில்களையும் ஆவணத்தின் பிற்சேர்க்கையாகச் சேர்க்க வேண்டும். சாலையோர வியாபாரிகளை விழாக் காலத்தில் அப்புறப்படுத்துவதில்லை என்ற உறுதிமொழி அதில் முதலாவதாக இடம்பெற வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். அவர்கள் விற்பவை வருகிறவர்களுக்கும் தேவைப்படும்.

ஆவணத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து, மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாக அனுப்பிய பின், ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பதில் வரத் தாமதமானாலும் மறுக்கப்பட்டாலும் மைதானப் பதிவேட்டை மூடிவைக்காமல் ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன் புதுப்பித்து, ஒரு படியை ஆட்சியர் அலுவலகத்திலும் மற்றொன்றை மாவட்ட மைய நூலகத்திலும் வைக்கலாம். மழைநீர் தேங்கும் திடல், எரியாத விளக்கு, பூட்டிக் கிடக்கும் கழிப்பறை ஆகியவற்றைச் சுட்டி அடுத்த மாமன்றக் கூட்டத்தில் நிதி கேட்க அந்தப் பதிவேடே ஆதாரமாகும்.