ரெடோன் பாணியில் பூச்சாடி: பாஸ்டலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு ஓவியர் ஓடிலோன் ரெடோனின் (1840–1916) பூச்சாடிகளைப் பார்த்து பாஸ்டலை, அதாவது நிறப்பொடிக் குச்சியைக் கையில் எடுப்பவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். சாடி கோணல், காம்பு நீளம் என்பதெல்லாம் நாலு படம் போட்டால் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை மட்டும் இங்கே.

மேசை விளிம்பு

போடாதீர்கள். ரெடோனின் பல படங்களில் சாடி எதன்மேல் நிற்கிறது என்றே தெரியாது.

சின்னத் தாள்

ஏ4 தாளில் பாஸ்டல் குச்சியின் ஒரு இழுப்பே ஒரு பூவை விழுங்கிவிடும். குறைந்தது 40 x 50 செ.மீ. வேண்டும். 1901-இல் ஒரு மாளிகையின் சாப்பாட்டு அறைக்காக ரெடோன் பாஸ்டலில் தீட்டிய பெரிய பூங்கொத்து, இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர்.

முடிந்ததும் ஃபிக்ஸேட்டிவ் அடிப்பது

ஃபிக்ஸேட்டிவ் என்பது பொடியைத் தாளில் ஒட்டவைக்கும் பிசின் ஸ்ப்ரே. எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. நீலப் பின்னணியில் இளஞ்சிவப்பு இதழ்கள் ததும்பி நிற்கும். பொடி உதிருமே என்ற பயத்தில் கிட்டே வைத்து நனைய நனைய ஸ்ப்ரே அடிப்பார்கள். காய்ந்ததும் இளஞ்சிவப்பு அழுக்கேறியிருக்கும், சாடியின் வெள்ளைப் பளிச்சு காணாமல் போயிருக்கும்.

பாஸ்டலின் ஒளிர்வு, பொடித் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றால் வருவது. துகளும் காற்றும் சந்திக்கும் இடமெல்லாம் ஒளி சிதறுகிறது. அந்த இடைவெளியில் பிசின் இறங்கினால் சிதறல் குறைந்து நிறம் கறுக்கிறது. அதிகம் அடிபடுவது சுண்ணாம்புத் தூள் கலந்த வெளிர் நிறங்கள்: சுண்ணாம்பின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) சுமார் 1.6, பிசினுடையது சுமார் 1.5. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் சுண்ணாம்பு கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. நனைந்த வெள்ளை வேட்டி உடம்பைக் காட்டுவதும் இதே கணக்குதான். டைட்டானியம் வெள்ளை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். போன வெள்ளையை மீட்க மேலே தீட்டி, மறுபடி ஸ்ப்ரே அடித்து, மறுபடி தீட்டுவார்கள். தாளின் சொரசொரப்பு அடைபட்டுக் குச்சி வழுக்கத் தொடங்கும். அந்தத் தாள் அவ்வளவுதான்.

ஃபிக்ஸேட்டிவுக்கு இடம் நடுவில். முதல் இரண்டு அடுக்கு முடிந்ததும் பலகையை நிமிர்த்தி, 30–40 செ.மீ. தள்ளி நின்று, தாளுக்கு வெளியே ஸ்ப்ரேயைத் தொடங்கிப் பனிபோல ஒரு முறை குறுக்கே அடியுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மேலிருந்து கீழாக இன்னொரு முறை. கடைசி அடுக்கு, அதாவது வெளிர் இதழ்களும் சாடியின் ஓரப் பளிச்சும், ஸ்ப்ரே படாமலே இருக்கட்டும். பலகையின் பின்புறத்தைத் தட்டினால் ஒட்டாத பொடி உதிர்ந்துவிடும். மிச்சத்தைக் காப்பது ஃப்ரேமின் வேலை: கண்ணாடிக்கும் படத்துக்கும் 3–5 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். அக்ரிலிக் தகடு வேண்டாம். அதன் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும்.

எல்லாப் பூவுக்கும் பெயர்

நாலைந்து பூ தெளிவாக இருந்தால் போதும். மீதி நிறத்திட்டுகளாகவே கரையட்டும்.

விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பது

முதல் அடுக்கோடு நிறுத்துங்கள்.

சரியாக வராததைக் கிழிப்பது

தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, பூக்களிடையே ஒஃபீலியா (ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகப் பெண்) மிதக்கும் ரெடோனின் பாஸ்டல், பூச்சாடிப் படமாகத் தொடங்கிப் பிறகு பக்கவாட்டில் திருப்பப்பட்டது என்று கருதப்படுகிறது.