முதல் ஸ்வெட்டர்: பயப்பட வேண்டிய தவறுகளும் பயப்பட வேண்டாதவையும்

புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு உள்ள பெரிய பயம் கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், நழுவுவது. ஊசியிலிருந்து ஒரு கண்ணி இறங்கி நாலு வரிசை கீழே ஓடிவிட்டால் கையெல்லாம் நடுங்கும். ஆனால் முனையில் கொக்கி உள்ள ஒரு குரோஷா ஊசி இருந்தால் அதே கண்ணியை வரிசை வரிசையாக மேலே இழுத்து ஊசியில் மாட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலைதான். கண்ணுக்குத் தெரிகிற தவறு பெரும்பாலும் கையாலேயே சரியாகிவிடும். ஸ்வெட்டரைக் கெடுப்பவை வேறு. அவை முதல் நாளே நடந்துவிட்டு, எல்லாப் பகுதிகளையும் தைத்துத் தலைவழியாகப் போடும் நாள்வரை வெளியே தெரியாமல் இருக்கும்.

அவற்றில் முதலாவது, மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்குவது. வடிவக் குறிப்பில் ‘10 செ.மீ.க்கு 20 கண்ணி’ என்று இருக்கும். அதுதான் கேஜ். மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வர வேண்டுமென்றால் 200 கண்ணி. உங்கள் கை சற்று இறுக்கமாக இருந்து அதே 10 செ.மீ.க்குள் 22 கண்ணி விழுந்தால், அந்த 200 கண்ணி 91 செ.மீ.தான் வரும். தளர்வான கையாக இருந்து 18 கண்ணி விழுந்தால் 111 செ.மீ. இரண்டு கண்ணிதானே என்று விட்டது, ஒரு பக்கம் போட முடியாத ஸ்வெட்டராகவும் மறுபக்கம் தோளிலிருந்து நழுவும் ஸ்வெட்டராகவும் முடிகிறது.

துண்டு பின்னுகிறவர்களும் அதைச் சின்னதாகப் பின்னிவிடுகிறார்கள். ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணலாகவே இருக்கும். அவற்றையும் சேர்த்து அளந்தால் கணக்கு தப்பும். 15 செ.மீ. சதுரமாவது பின்னி, நடுவில் உள்ள 10 செ.மீ.யை மட்டும் எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். எண்ணுவதற்கு முன், ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துண்டைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். சூப்பர்வாஷ் என்று போட்ட கம்பளி நூல் (இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்தியது) நனைந்ததும் நீண்டுகொடுக்கும். துவைக்காமல் அளந்தால் அது தெரியவே தெரியாது. வட்ட ஊசியில், அதாவது வளையும் கம்பியால் இணைத்த இரட்டை ஊசியில், சுற்றிச் சுற்றிப் பின்னப்போகிற ஸ்வெட்டருக்குத் துண்டையும் சுற்றியே பின்னுங்கள். பலருக்கு நிட் வரிசையும் (துணியின் முன்பக்கம் பார்த்துப் பின்னுவது) பர்ல் வரிசையும் (திருப்பிப் பின்பக்கம் பார்த்துப் பின்னுவது) ஒரே இறுக்கத்தில் வருவதில்லை. பர்ல் இல்லாத துணியின் அளவு வேறாக இருக்கும்.

எண்ணிக்கை அதிகமாக வந்தால் பெரிய ஊசிக்கு மாறுங்கள், குறைவாக வந்தால் சின்ன ஊசிக்கு. ‘கொஞ்சம் இறுக்கிப் பின்னிக்கொள்கிறேன்’ என்பது நடக்காது. பத்து வரிசைக்குள் கை தன் பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

ஊசி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஊசியின் எண்ணை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் 10 என்பது 3.25 மி.மீ., அமெரிக்க 10 என்பது 6 மி.மீ. நான் முதல் ஸ்வெட்டரை எண் 8 ஊசியில் தொடங்கினேன். குறிப்பு சொன்னது அமெரிக்க 8, அதாவது 5 மி.மீ. என் கையில் இருந்தது பிரிட்டிஷ் 8, 4 மி.மீ. முதுகுப் பகுதி அக்குள்வரை ஏறிய பிறகுதான் துணி ஏன் அட்டைபோல விறைப்பாக இருக்கிறது என்று யோசித்தேன். மூன்று வார வேலையை ஒரே மாலையில் அவிழ்த்தேன். துண்டு பின்னியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அடுத்தது அளவு. உடம்பை அளந்து அதே அளவில் பின்னினால் ஸ்வெட்டர் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு சட்டை, கை அசைய இடம் எல்லாம் வேண்டும். சாதாரணமாக மார்பளவைவிட 5 முதல் 10 செ.மீ. கூடுதலாக இருந்தால் வசதியாக இருக்கும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஏற்கெனவே நன்றாகப் பொருந்துகிற ஒரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து இரண்டால் பெருக்குவது. குறிப்பில் ‘முடிந்த அளவு’ (பின்னி முடித்த ஸ்வெட்டரின் சுற்றளவு) என்று இருப்பதை அதோடு ஒப்பிடுங்கள்.

நூல் வாங்கும்போது கிராமை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. 100 கிராம் மெல்லிய நூல் சுமார் 400 மீட்டர் ஓடும். நடுத்தரத் தடிமன் நூல் அதில் பாதிதான். குறிப்பில் சொன்ன நூலுக்குப் பதில் வேறு வாங்கினால் மீட்டரைக் கணக்கிடுங்கள். மொத்த நூலையும் ஒரே தடவையில், லேபிளில் ஒரே லாட் எண் உள்ளதாகப் பார்த்து, ஒரு கண்டு கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். ஒரே நிறப்பெயர் என்றாலும் வேறு தடவை சாயம் ஏறிய நூல் சற்று மாறும். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடத் தெரியாது. பின்னிய பிறகு நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல நிற்கும். வேறு லாட்தான் கிடைத்தது என்றால், இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு மறையும். முதல் ஸ்வெட்டருக்குக் கருப்பு, கருநீலம், பஞ்சுபோலப் பிசிரடிக்கும் நூல் எதுவும் வேண்டாம். கண்ணி கண்ணுக்குத் தெரிந்தால்தான் தவறும் தெரியும். பருத்தி நூலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது கனமானது, கம்பளிபோல இழுத்துவிட்டால் சுருங்கி மீளாது, ஸ்வெட்டர் கீழே தொங்கிவிடும்.

பின்னத் தொடங்கியதும் வருகிற மோசமான தவறு, வட்ட ஊசியில் கண்ணிகளை முறுக்கியபடி வட்டமாக இணைத்துவிடுவது. இணைப்பதற்கு முன் மேசைமேல் வைத்து, கண்ணிகளின் அடி ஓரம் முழுக்க உள்பக்கம் பார்க்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முதல் சுற்று முடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள். பல சுற்று ஏறிவிட்டால் மொத்தத்தையும் அவிழ்ப்பதுதான் வழி.

கண்ணி எண்ணிக்கை தானாகக் கூடுவது எல்லோருக்கும் நடக்கும். வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்தால், முதல் கண்ணி இரண்டு கண்ணிபோலத் தோன்றும்; இரண்டையும் பின்னிவிடுவோம். ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விரியும். தொடக்கத்தில் ஒவ்வொரு வரிசைக்கும், பழகிய பிறகு பத்து வரிசைக்கு ஒரு முறை எண்ணுங்கள். வரிசையின் நடுவில் வேலையைக் கீழே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், நூல் தொங்குகிற ஊசி வலது கையில் வர வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப்போவீர்கள், அந்த இடத்தில் ஓட்டை விழும்.

கழுத்து, அக்குள் போன்ற சிக்கலான இடத்துக்கு முன்னால் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுக்க மெல்லிய வழுவழுப்பான நூல் ஒன்றைக் கோத்து வைத்துவிடுங்கள். பிறகு எதைக் கெடுத்தாலும் அந்த வரிசைவரை துணிந்து அவிழ்க்கலாம். இதைச் செய்யாமல் நான் எந்த ஸ்வெட்டரும் பின்னுவதில்லை.

ஸ்வெட்டரின் இரண்டு கைகளும் ஒரே நீளம் வர டேப்பை நம்பக் கூடாது. துணியை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். வரிசைகளை எண்ணிக் குறித்துவையுங்கள். கழுத்தை முடிக்கும்போது ஒரு அளவு பெரிய ஊசியில் கண்ணிகளை அடைத்தால் (கடைசி வரிசை அவிழாதபடி முடித்தால்) தலை நுழையும்.

முடிவில் அவசரப்பட்டுத் தைக்க வேண்டாம். பகுதிகளை நனைத்து, அளவுக்கு விரித்துக் காயவைத்த பிறகு தைத்தால் ஓரங்கள் பொருந்தும். கம்பளியைச் சுடுநீரில் கசக்கினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கி இறுகிவிடும். அதைத் திருப்பவே முடியாது. அக்ரிலிக் நூலின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாலும் அப்படித்தான், துவண்டு போகும். ஈர ஸ்வெட்டரை முறுக்கிப் பிழியாமல் துவாலையில் சுருட்டி அழுத்துங்கள். மடித்து வையுங்கள், ஹேங்கரில் மாட்டினால் தோள் இழுத்துக்கொள்ளும். மிச்ச நூலை லேபிளோடு பத்திரப்படுத்துங்கள். முழங்கை தேய்ந்து ஓட்டை விழும் நாளில் அதே நூல் தேவைப்படும்.